மலையகத்தில் சட்டத்தரணியாக: அரச சேவைக்கும் சொந்தத் தொழிலுக்கும் ஒரு முழு வழிகாட்டி

தோட்டத்துப் பிள்ளை ஒன்று சட்டம் படிக்கப் போகிறது என்று தெரிந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "கவர்மென்ட் உத்தியோகமா பாத்துப் போயிரு, பென்சனாவது மிஞ்சும்" என்பார் மாமா. "கோட்டுல நின்னாத்தான் காசு" என்பார் டவுனில் கடை வைத்திருப்பவர். இரண்டில் ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டுவிட வேண்டும் என்பது போலப் பேச்சு போகும். மலையகத்தில் அது பொருந்தாது.

காரணம் இதுதான். இங்கே ஒரு தொழிலாளி வழக்கென்று வந்தால், எதிர்ப்பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் அரசாங்கம், இல்லையென்றால் அரச காணியைக் குத்தகைக்கு வைத்திருக்கும் கம்பனி. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களோடு தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. நிலம் மட்டும் இன்னும் அரசுடையது. எனவே அரச கந்தோருக்குள் ஒரு கோப்பு எந்த மேசையில் நிற்கும், யார் கையெழுத்தில் நகரும் என்று தெரிந்த சட்டத்தரணி இந்த மக்களுக்குத் தேவை. கோட்டில் நின்று பழகாத அரச சட்ட உத்தியோகத்தராலும் அதிகம் செய்ய முடியாது.

என் யோசனை: முதலில் சில ஆண்டு வெளியில் தொழில், பிறகு அரச சேவை, பிறகு மறுபடி வெளியில். வேறு வரிசையில் போகிறவர்களும் உண்டு. எங்கே பாதை பிரிகிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலாம் படி: உள்ளே போகும் வாசல்

சட்டத்தரணி ஆக வேண்டுமென்றால் கடைசியில் கொழும்பு புதுக்கடையில் உள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும். நேரடியாகப் போகிறவர்கள் நுழைவுப் பரீட்சை எழுதுவார்கள். கொழும்பு, யாழ்ப்பாணம், பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் சட்டமாணிப் பட்டம் எடுத்தவர்களும் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை முடித்தால்தான் சத்தியப்பிரமாணம் செய்யலாம்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணி நல்ல வழி. அதன் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. மலையகத்தில் பாடசாலை ஆசிரியராக இருந்துகொண்டே சட்டம் முடித்தவர்கள் பலர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அரச ஆசிரியர் சத்தியப்பிரமாணம் செய்துகொண்டாலும், அரச ஊழியருக்கான விதிகளைக் கொண்ட தாபனக் கோவையின்படி அரச வேலையில் இருந்துகொண்டு வழக்குப் பேசித் தனியே சம்பாதிக்க முடியாது. கறுப்புக் கோட்டுப் போட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்த நாள் வகுப்பறைக்குத் திரும்புவதோடு அது நின்றுவிடும். எந்தத் திகதியில் ஆசிரியத் தொழிலை விடுவது என்ற கணக்கைப் படிக்கும்போதே போட்டு வையுங்கள்.

சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கு 2020 டிசம்பரில் வர்த்தமானி வந்தது. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த ஒழுங்குவிதிகளை நிராகரித்தது. தமிழில் எழுதலாம் என்ற நிம்மதியோடு ஆங்கிலத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் வேலை நடப்பது ஆங்கிலத்தில்தான்.

இரண்டாம் படி: சிங்களம் எழுதப் படிக்கப் பழகுவது

இதைத் தனிப் படியாகவே வைக்கிறேன். பலர் இதைப் படிப்பு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, அப்புறம் முதல் ஐந்து ஆண்டை இழக்கிறார்கள்.

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள். ஆனால் வடக்கு கிழக்குக்கு வெளியே பதிவேடு சிங்களத்தில். ஹட்டன், நுவரெலியா, பதுளை எல்லாம் அதற்குள் வரும். அதே உறுப்புரை, வழக்காளியோ அவருடைய சட்டத்தரணியோ தமிழில் வழக்கைத் தொடங்கலாம், ஆவணங்களைத் தமிழில் தரலாம், மொழி தெரியாதவருக்கு அரசு மொழிபெயர்ப்பு தர வேண்டும் என்றும் சொல்கிறது. உரிமை இருக்கிறது. அதைக் கேட்டால் மொழிபெயர்ப்புக்காக வழக்கு தவணை தவணையாகப் போவதும் இருக்கிறது. எப்போது அந்த உரிமையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, எப்போது சிங்களத்திலேயே பேசி வேலையை முடிப்பது என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். சிங்களம் தெரிந்தவருக்கே அந்தத் தெரிவு கையில் இருக்கும்.

ஒரு சாதாரணக் காரியத்தைப் பாருங்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இரண்டு குடும்பத்துக்குள் சண்டை. பொலிசில் வாக்குமூலம். தமிழில் சொன்னதைக் கேட்டு உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதுகிறார், கடைசியில் சொன்னவர் கையெழுத்துப் போடுகிறார். பல மாதம் கழித்து வழக்கு விசாரணையில் எதிர்ப்பக்கச் சட்டத்தரணி அந்த வாக்குமூலத்தை எடுத்து, "நீர் அன்றைக்குக் கத்தி என்று சொல்லவில்லையே, தடி என்றுதானே சொன்னீர்" என்று கேட்பார். சாட்சிக் கூண்டில் நிற்கும் அம்மாவுக்குத் தான் கையெழுத்திட்ட தாளில் என்ன இருந்தது என்றே தெரியாது. சிங்களக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த சட்டத்தரணி, வழக்கேட்டின் பிரதி கைக்கு வந்த அன்றே அந்தப் பிசகைப் பார்த்திருப்பார். அச்சுச் சிங்களம் மட்டும் தெரிந்தால் போதாது. பொலிசின் அவசரக் கையெழுத்துத்தான் உண்மையான பரீட்சை. பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் பி அறிக்கைகளை வாங்கி வாங்கிப் படித்தால்தான் கண் பழகும்.

மூன்றாம் படி: ஊர்க் கோட்டில் சில ஆண்டு

இறுதிப் பரீட்சைக்குப் பிறகு அனுபவமுள்ள ஒரு சட்டத்தரணியிடம் ஆறு மாதம் பயிலுநராக இருக்க வேண்டும். அப்புறம் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். ஒரு காலத்தில் பெறக்கிராசிமார் என்றும் அப்புக்காத்துமார் என்றும் இரண்டு வகுப்பு இருந்தது. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கியது. இன்று சட்டம் எல்லோரையும் ஒரே பெயரில் அழைத்தாலும், பத்திரம் தயாரித்து வழக்கைத் தொடங்குகிறவர் ஒருவராகவும் எழுந்து பேசுகிறவர் இன்னொருவராகவும் இருக்கும் வழக்கம் போகவில்லை. நீங்கள் எதில் கெட்டிக்காரர் என்பதைச் சீனியரிடம் இருக்கும்போதே கண்டுபிடித்துவிடுங்கள்.

சீனியரைக் கொழும்பில் தேடுவதா, ஊரில் தேடுவதா? முடிந்தால் இரண்டும். ஒன்றைத்தான் செய்ய முடியுமென்றால் நான் ஊர் என்பேன். பெரிய மனுக்கள் எப்படி எழுதப்படுகின்றன என்பதைக் கொழும்பில் பார்க்கலாம். ஆனால் நாளைக்கு உங்களிடம் வரப்போகும் ஆளை ஹட்டனிலும் நுவரெலியாவிலும்தான் பார்ப்பீர்கள்.

அந்த ஆள் எந்தக் காரியத்தோடு வருவார்? அரைவாசி பெயர்ப் பிரச்சினை. செக்ரோலில் (தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில்) ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது பெயர். முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒருவர் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போனால், நிதியின் அங்கத்தவர் அட்டையான பி அட்டையில் இருக்கும் பெயர் இவர்தான் என்று நிரூபிக்கச் சொல்வார்கள். இதற்குச் சட்டப் புத்தகம் அதிகம் வேண்டாம். தோட்டத்துக் கந்தோரின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி, சத்தியக் கடதாசி ஆகிய மூன்றிலும் பெயரும் திகதியும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சத்தியக் கடதாசியில் "ராமாயி என்றும் பெருமாள் ராமாயி என்றும் அழைக்கப்படும்" என்று எழுதுவதோடு நிறுத்தாமல், எந்தப் பெயர் எந்த ஆவணத்தில் வருகிறது என்பதையும் ஒவ்வொன்றாக எழுதுங்கள். கோப்புத் திரும்பி வராது. தொழில் காரியாலயத்தில் இருப்பவருக்கும் அது உதவி. நிதியின் பணத்தை வைத்திருப்பது மத்திய வங்கி. அங்கே இருப்பவர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, தாளை மட்டும்தான் பார்ப்பார்.

இன்னும் சிலவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வேலைநீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதம். பணிக்கொடைக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம்: குறைந்தது ஐந்து வருட சேவை, நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. தவணைக் காலம் தப்பிய பிறகு வருகிறவர்தான் மலையகத்தில் அதிகம். அவருக்கு வேறு வழி உண்டா என்று தேடுவதில்தான் உங்கள் திறமை தெரியும்.

தொழில் நியாய சபையில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் ஆஜராகலாம். சங்கங்கள் புதுச் சட்டத்தரணிக்கு வேலை கொடுக்கும், நல்ல பயிற்சியும் கிடைக்கும். ஆனால் ஒரே சங்கத்தின் ஆள் என்ற பெயர் விழுந்துவிட்டால், மற்றச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர் உங்கள் வாசலுக்கு வரமாட்டார். பின்னால் அரச சேவைக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தப் பெயர் கூடவே வரும். வேலையை எடுங்கள், மேடையில் ஏறாதீர்கள்.

நான்காம் படி: எந்த அரச வாசல்

இந்த வாசல் நம்மவர்களுக்கு நீண்ட காலம் பூட்டியே கிடந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்குரிமை பறிபோனதை எதிர்த்த கோடகன்பிள்ளை வழக்கு 1953இல் லண்டன் பிரிவிக் கவுன்சில்வரை போய்த் தோற்றது. குடியுரிமை இல்லாதவருக்கு அரச உத்தியோகம் ஏது? 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பிறகுதான் கதை முடிந்தது. ஆகவே "நம்ம ஆள் யாரும் அங்க இல்லையே" என்று தயங்குவதில் நியாயம் உண்டு. விண்ணப்பிக்காமல் இருப்பதில் நியாயம் இல்லை.

சட்டமா அதிபர் திணைக்களம் முதல் வாசல். அரச சட்டத்தரணியாகச் சேர்ந்து, சிரேஷ்ட அரச சட்டத்தரணி, பிரதி மன்றாடியார் நாயகம், மேலதிக மன்றாடியார் நாயகம் என்று ஏறும் ஏணி அது. மேல் நீதிமன்றங்களில் குற்ற வழக்குகளை நடத்துவதும், அரசுக்கு எதிரான மனுக்களுக்குப் பதில் சொல்வதும் அங்கேதான். 1975 முதல் 1988 வரை சிவா பசுபதி, 2000 முதல் 2007 வரை கே.சி. கமலசபேசன் என்று தமிழர் இருவர் சட்டமா அதிபராகவே இருந்திருக்கிறார்கள். வழக்குப் பேசும் திறமையைத் தீட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் கொழும்பு வாழ்க்கைக்குத் தயாராக இருக்க வேண்டும்.

நீதிச் சேவை இரண்டாவது. நீதிச் சேவை ஆணைக்குழு பரீட்சையும் நேர்முகமும் வைத்து, தொழில் செய்த அனுபவமுள்ள சட்டத்தரணிகளை எடுக்கிறது. ஊர்க் கோட்டில் முதலில் சில ஆண்டு நில்லுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நீதவானானால் நாடு முழுக்க இடமாற்றம் வரும், பழகிய ஊரிலேயே இருக்க விடமாட்டார்கள். திரும்பித் தொழிலுக்கு வரும் எண்ணம் உள்ளவர் இந்த வாசலில் நன்றாக யோசிக்க வேண்டும். மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ நிரந்தர நீதியரசராக இருந்தவர் ஓய்வுக்குப் பிறகு சட்டத்தரணியாகத் தொழில் செய்ய ஜனாதிபதியின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 110ஆம் உறுப்புரை.

மூன்றாவது வாசல்தான் பலர் கவனிக்காதது: திணைக்களங்களிலும் சபைகளிலும் உள்ள சட்ட உத்தியோகத்தர் பதவிகள். தொழில் திணைக்களம், காணி மறுசீரமைப்பு ஆணைக்குழு, மாகாண சபைகள், மாநகர சபைகள், அரச வங்கிகள். மேடைப் பெருமை குறைவு. மலையகச் சட்டத்தரணிக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன், அதுவும் தொழில், காணி இரண்டில் ஒன்று. சட்ட உதவி ஆணைக்குழுவும் உண்டு. சம்பளத்தைப் பார்த்துப் போகிற இடமல்ல, வழக்கின் எண்ணிக்கையைப் பார்த்துப் போகிற இடம்.

விண்ணப்பங்கள் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும். அந்தப் பதவி ஓய்வூதியம் உள்ளதா, சேமலாப நிதி உள்ளதா என்பதை முதலில் பாருங்கள். திணைக்களத்துக்கும் நியதிச் சபைக்கும் (தனிச் சட்டத்தால் அமைந்த அரச சபைக்கும்) இதில்தான் வித்தியாசம், ஆறாம் படியில் அது பெரிதாகத் தெரியும்.

ஐந்தாம் படி: உள்ளே இருக்கும்போது எதைக் கற்பது

ஆட்களைப் பழக்கம் பிடிப்பதற்காகப் போகாதீர்கள். ஆட்கள் மாறிவிடுவார்கள். கோப்பு நகரும் முறை மாறாது.

உதாரணமாக, சேமலாப நிதி கட்டாத முதலாளியிடமிருந்து நிலுவையை அறவிட, தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்தில் சான்றிதழ் தாக்கல் செய்யலாம். தண்டப்பணம் போல அறவிடுவார்கள். வெளியில் இருக்கும் சட்டத்தரணி அந்தச் சான்றிதழைத்தான் பார்க்கிறார். உள்ளே இருப்பவருக்கு அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் தெரியும்: முறைப்பாட்டில் சேவைக் காலம் மொட்டையாக "பல வருடம்" என்று இருந்ததால் கோப்புத் தூங்கியது, செக்ரோல் பிரதியைக் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை, யாரும் இரண்டாவது கடிதம் எழுதவில்லை. வெளியே வந்த பிறகு நீங்கள் எழுதிக்கொடுக்கும் முறைப்பாட்டில் இந்த ஓட்டைகள் இருக்காது.

காணிப் பக்கமும் அப்படித்தான். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி (உடைமையை மீளப்பெறல்) சட்டத்தில் வெளியேறும்படி அறிவித்தல் வந்தால், நீதவான் முன் காட்டக்கூடியது ஏறக்குறைய ஒன்றே ஒன்று: அரசின் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்து மூல அதிகாரம். "எங்க தாத்தா காலத்துலேருந்து இருக்கோம்" என்பதை நீதவான் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அறிவித்தலே பிழை, கொடுத்தவருக்கு அதிகாரமில்லை என்றால் எழுத்தாணை (ரிட்) மனுதான் வழி. லயத்திலிருந்து வெளியேற்றுவதற்கென்று 1971ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. கம்பனி எந்தச் சட்டத்தில் வருகிறது, ஏன் அதைத் தெரிந்தெடுத்தது என்பது காணிப் பக்கம் வேலை செய்தவருக்குத் தாளைப் பார்த்ததும் விளங்கும்.

ஒழுங்கு விஷயம் சுருக்கமாக: அரச சேவையில் இருக்கும்வரை தனியாக வழக்குப் பேசாதீர்கள், மைத்துனரின் காணிக்குக்கூட. உங்கள் கையால் போன கோப்புகளின் பட்டியலை இலக்கம், கட்சிக்காரர் பெயர் மட்டும் போட்டு வைத்திருங்கள். பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பட்டியல் எதற்கு என்பது அடுத்த படியில்.

ஆறாம் படி: வெளியே வருவது

எப்போது வெளியே வருவது என்பதைவிட எப்படி வருவது என்பதே முக்கியம். ஓய்வூதியம் உள்ள பதவியை இடையில் இராஜினாமாச் செய்தால் ஓய்வூதிய உரித்துப் போய்விடும். இராஜினாமா வேறு, ஓய்வுபெறுவது வேறு. நியதிச் சபையில் சேமலாப நிதி என்றால் எப்போது விலகினாலும் சேர்ந்த பணம் உங்களுடையது. ஆகவே பத்துப் பதினைந்து ஆண்டில் திரும்பும் எண்ணத்தோடு உள்ளே போகிறவருக்குச் சேமலாப நிதியுள்ள பதவி வசதி. கடைசிவரை இருந்து, ஓய்வுக்குப் பிறகு தொழில் செய்ய நினைப்பவருக்கு ஓய்வூதியப் பதவி. சம்பளத்தோடு படிப்பு லீவு எடுத்திருந்தால், திரும்பி வந்து சேவை செய்வேன் என்று எழுதிக்கொடுத்த பிணைமுறி இருக்கும். அதைத் தீர்க்காமல் கடிதம் கொடுத்தால் சம்பளத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

வெளியே வந்ததும் முதல் மாதத்திலேயே ஒருவர் வருவார்: "சேர், நீங்கதானே என்ட கோப்பைப் பாத்தீங்க, நீங்களே எனக்குப் பேசுங்க." மறுத்துவிடுங்கள். அரசின் பக்கம் இருந்து நீங்கள் கையாண்ட விஷயத்தில் இப்போது எதிர்ப்பக்கம் நிற்க முடியாது. தொழில் நிமித்தம் தெரிந்துகொண்ட இரகசியத்தைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவும் பூட்டி வைக்கிறது. அந்தப் பட்டியல் இங்கேதான் உதவும். அதில் இருக்கும் பெயர் வந்தால் வேறு சட்டத்தரணியிடம் அனுப்புங்கள். சிறிய ஊரில் இந்த ஒரு விஷயத்தில் பெயர் கெட்டால் நிமிர்த்துவது கஷ்டம்.

ஏழாம் படி: கந்தோர் போடுவது

விளம்பரம் செய்யத் தொழில் விதிகள் விடாது. பெயர்ப்பலகை போதும், மும்மொழியிலும் போடுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை, பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும் தூரத்தில். மேட்டிலிருந்து வரும் ஆள் பிற்பகல் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவரைப் பன்னிரண்டு மணிக்குள் பார்த்து முடியுங்கள். வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு. கட்டணத்தைத் தவணைக்கு இவ்வளவு என்று வைக்காமல் வேலைக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டால், நாட்சம்பளக்காரருக்குத் தவணை போகும் ஒவ்வொரு முறையும் நெஞ்சிடி வராது. வாசலில் ஆள் பிடித்துத் தரும் தரகர்களை முதல் நாளே திருப்பி அனுப்புங்கள்.

நொத்தாரிசு அத்தாட்சியையும் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கு இல்லாத மாதத்தில் கந்தோர் வாடகையைக் கட்டுவது உறுதிகள்தான். நியாயாதிக்கமும் மொழியும் அந்த அத்தாட்சியிலேயே குறிக்கப்படும். தமிழும் சிங்களமும் இரண்டும் வரும்படி பாருங்கள். தோட்டக் குடியிருப்புகளில் ஏழு பேர்ச் வீட்டுக் காணிக்கு உறுதி என்று கொடுக்கப்பட்ட தாள்களோடு ஆட்கள் வருவார்கள். விற்கவோ ஈடு வைக்கவோ எழுதுவதற்கு முன், அந்தத் தாள் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா, அதில் என்ன நிபந்தனை என்று பார்க்காமல் பேனையைத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு மாதமும் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளைப் பட்டியலோடு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். நொத்தாரிசு வைத்திருக்க வேண்டிய பிரதிகள் (புரொட்டோகோல்) கந்தோரிலேயே இருக்கும். மலைப் பக்கத்து ஈரத்தில் தாள் பூஞ்சணம் பிடிக்கும். இரும்பு அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் வையுங்கள். தொழிலை நிறுத்தும் நாளில் அந்தப் பிரதிகளையும் பதிவாளரிடம் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், இலக்க வரிசையில் ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கும் வேலையை ஜூனியர் ஒருவரிடம் முதல் ஆண்டிலிருந்தே கொடுத்துவிடுங்கள்.